யாரைப் பாத்துதாங்க ஓட்டு போடறது? வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு வெச்சா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். 2024 மக்களவைத் தேர்தலுக்கு ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை தமிழ்நாட்டுல 39 தொகுதிக்கும் ஓட்டுப்பதிவு, ஆனா எந்த தலைவரைப் பாத்தும் ஒரு நம்பிக்கை வரலன்னு ஊர் ஊரா எழுதியிருக்கீங்க. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே. மத்த கேள்விகள் அடுத்த இதழ்ல வரும்.

எனக்கு இதுதான் முதல் ஓட்டு அண்ணாச்சி. எந்த சேனலைப் போட்டாலும் தலைவர்கள் பேசிக்கிட்டேதான் இருக்காங்க, ஆனா ஒருத்தர் பேச்சு கூட மனசுல நிக்க மாட்டேங்கு. ஒண்ணு எழுதிக் கொடுத்ததை வாசிக்காங்க, இல்லன்னா அடுத்த கட்சியைத் திட்டுதாங்க. எங்க ஆச்சி எம்ஜிஆரைப் பாக்க ராத்திரி பூரா ரோட்டுல நின்ன கதையை இன்னும் சொல்லுவா. எனக்கு அப்படி யாருமே இல்லையே, யாரைப் பாத்து ஓட்டு போட?
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

தங்கச்சி, நீங்க சொல்றது இன்னைக்கு நிறைய பேரோட மனசுல இருக்கறதுதான். 2016 டிசம்பர்ல ஜெயலலிதா போனாங்க, 2018 ஆகஸ்ட்ல கருணாநிதி போனாரு, அதுக்கப்புறம் மேடையில ஏறினா கூட்டம் மூச்சு விடாம கேக்கற மாதிரி ஒருத்தர் இல்லன்னு டீக்கடையில கூட பேசறாங்க. ஆனா எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. அந்த மாதிரி பெரிய முகம் இருந்தப்போ நமக்கு நம்ம எம்.பி. யாருன்னே தெரியாது. 2014ல அதிமுக 39ல 37 ஜெயிச்சுது, 2019ல திமுக கூட்டணி 38 ஜெயிச்சுது, ரெண்டு தடவையும் அலைன்னு சொன்னோம், அந்த அலையில கரையேறினவங்க அஞ்சு வருஷம் டெல்லியில என்ன பேசினாங்கன்னு நம்மள்ல எத்தனை பேர் திரும்பிப் பாத்தோம்? தலைவர் முகத்துக்குப் போட்டோம், ஆளைப் பாக்கல.

இன்னொண்ணு, நல்லா பேசறவர்தான் நல்ல தலைவர்ங்கற கணக்கும் சரியில்ல. காமராஜர் அடுக்குமொழி பேசத் தெரிஞ்சவர் இல்ல, மனு கொடுத்தா "பாக்கலாம்"னு ஒரு வார்த்தை, அவ்ளோதான். அவர் 1954லேந்து 1963 வரைக்கும் முதல்வரா இருந்தப்போதான் ஊருக்கு ஊரு பள்ளிக்கூடம் வந்துச்சு, 1956ல மதிய உணவுத் திட்டம் வந்துச்சு. நரசிம்மராவை எடுத்துக்குங்க, 1991 தேர்தல்ல அவர் நிக்கவே இல்ல, அரசியல் போதும்னு ஊருக்குக் கிளம்பற நிலைமையில இருந்தவர், கூட்டத்தைக் கவர்ற பேச்சும் இல்ல, பிரதமரா வந்து ஒரே மாசத்துல நாட்டோட பொருளாதாரப் பாதையையே திருப்பினாரு. அவர் காலத்துலதான் 1992 டிசம்பர் 6ல பாபர் மசூதி இடிப்பும் நடந்துச்சு, அதை மறைக்கல. நான் சொல்ல வர்றது, மேடையில ஒருத்தர் எப்படி இருக்காருங்கறது நாற்காலியில உக்காந்து என்ன செய்வாருன்னு நமக்குச் சொல்லாது, நல்லதுக்கும் சரி கெட்டதுக்கும் சரி.

இந்த வருஷம் முதல் தடவையா ஓட்டு போடப் போறவங்க நாடு முழுக்க ஏறக்குறைய 1.8 கோடி பேர்னு தேர்தல் ஆணையம் சொல்லுது. நீங்க பட்டனை அமுக்கறப்போ அந்த மெஷின்ல தேசியத் தலைவர் யார் பேரும் இருக்காது தங்கச்சி, உங்க தொகுதியில நிக்கற ஆளுங்க பேரும் போட்டோவும் சின்னமும்தான் இருக்கும். அதனால அந்தப் பேருங்களைப் பாருங்க, அங்கேந்து ஆரம்பிங்க.

வேட்பாளரைப் பாருங்கன்னு போன இதழ்லயும் எழுதியிருந்தீங்க சார். எங்க போய்ப் பாக்கறது? ஓட்டு கேட்டு வர்றப்போ ஜீப்ல நின்னு கும்பிட்டுட்டுப் போறதோட சரி.
(இல்லத்தரசி, கும்பகோணம்)

ஜீப்ல பாக்க வேண்டாம்மா, காகிதத்துல பாருங்க. வேட்புமனுவோட ஒவ்வொருத்தரும் படிவம் 26ன்னு ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தே ஆகணும். 2002லயும் 2003லயும் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால நமக்குக் கிடைச்ச உரிமை இது. தேர்தல் ஆணையத்தோட இணையதளத்துல தொகுதி பேரைப் போட்டா வந்துடும், பையன் கிட்டயோ பொண்ணு கிட்டயோ போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்க. ஸ்கேன் பண்ணின பக்கங்கள், சில பக்கம் சாஞ்சிருக்கும், ஓரத்துல நோட்டரி சீல் இருக்கும், பொறுமையா பெருசு பண்ணிப் படிக்கணும்.

முதல்ல கிரிமினல் வழக்கு பகுதிக்குப் போங்க. எந்த ஸ்டேஷன், என்ன பிரிவு, வழக்கு எந்த நிலைமையில இருக்குன்னு இருக்கும். பிரிவைப் படிக்காம எண்ணிக்கையை மட்டும் பாத்து முடிவு பண்ணிடாதீங்க, ரோட்டு மறியல் பண்ணினதுக்குப் போட்ட கேஸும் இருக்கும், நிலத்தை மிரட்டி எழுதி வாங்கின கேஸும் இருக்கும், ரெண்டும் ஒண்ணு இல்ல. அப்புறம் சொத்து: அவர் பேர்ல, மனைவி அல்லது கணவர் பேர்ல, அவரை நம்பி இருக்கறவங்க பேர்லன்னு தனித்தனி கட்டம். நிலம்னா சர்வே நம்பர், வாங்கின வருஷம், வாங்கின விலை, இப்போ மதிப்பு எல்லாம் எழுதணும். கடைசி அஞ்சு வருஷ வருமான வரிக் கணக்கும் இருக்கும். ஏற்கெனவே எம்.பி.யா இருந்து மறுபடி நிக்கறவரா இருந்தா 2019ல கொடுத்ததையும் எடுத்து பக்கத்துல வெச்சுப் பாருங்க, இதைத்தான் நான் எல்லார் கிட்டயும் கெஞ்சிக் கேக்கறேன். அஞ்சு வருஷத்துல சொத்து எவ்ளோ ஏறிச்சு, அந்த வருமானக் கணக்கோட அது பொருந்துதான்னு உங்களுக்கே தெரிஞ்சுடும், வீட்டுக் கணக்கு எழுதறவங்களுக்கு இது கஷ்டமே இல்ல.

பழைய எம்.பி.யா இருந்தா மக்களவை இணையதளத்துல அவர் பேர்ல அவர் கேட்ட கேள்விகள் வரிசையா இருக்கும். வெறும் எண்ணிக்கையைப் பாக்காதீங்க, உங்க ஊர் ரயில் பாதை, காவிரித் தண்ணி, நெல் கொள்முதல் பத்தி ஏதாவது கேட்டிருக்காரான்னு தேடுங்க.

எம்.பி. யாரா இருந்தா என்ன? தலைமை தூக்குன்னா கை தூக்கணும், இறக்குன்னா இறக்கணும். ஆளைப் பாத்து ஓட்டு போடச் சொல்றது நடைமுறைக்கு ஒத்து வராத பேச்சு.
(ஓய்வு பெற்ற ஆசிரியர், விழுப்புரம்)

ஐயா, உங்க கேள்விதான் இந்த வாரம் வந்ததுலயே கனமானது. பாதி சரின்னு ஒத்துக்கறேன். 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, சபையில எப்படி ஓட்டு போடணும்னு கட்சி சார்பா கொறடா போடற உத்தரவை மீறி ஓட்டு போட்டா பதவி போயிடலாம். விலை போறவங்களைத் தடுக்கணும்னு கொண்டு வந்த சட்டம் அது, ஆனா மனசாட்சியோட பேசறவங்க வாயையும் சேத்து கட்டிடுச்சு. எனக்கு இதுல பெரிய வருத்தம் உண்டு. நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் கொறடாவை வெச்சுக்கிட்டு மத்த மசோதாவுக்கு எம்.பி.ங்களை விட்டுடணும்ங்கறது என் கருத்து.

ஆனா மீதிப் பாதியும் இருக்குங்க. 1999 ஏப்ரல் 17 உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும், வாஜ்பாய் அரசு 269க்கு 270ன்னு ஒரே ஒரு ஓட்டுல விழுந்துச்சு. தேசிய மாநாட்டுக் கட்சியோட சைபுதீன் சோஸ் கட்சி உத்தரவை மீறி எதிர்த்து ஓட்டு போட்டாரு, ஒடிசா முதல்வரா ஆகியும் எம்.பி. பதவியை விடாம இருந்த கிரிதர் கமாங்கும் வந்து எதிர்த்து போட்டாரு. அது சரியா தப்பான்னு இன்னைக்கும் வாதாடலாம், ஆனா எம்.பி. யாருங்கறது ஒரு பொருட்டே இல்லன்னு அன்னைக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

அது எப்பவோ ஒரு தடவை நடக்கறதுன்னு வெச்சாலும், தினசரி வேலைன்னு பாத்தா ஒவ்வொரு துறையோட வேலையையும் எம்.பி.ங்க கூடி அலசற நிலைக்குழு துறைவாரியா 24 இருக்கு, அங்க கொறடா கிடையாது, கேமரா கிடையாது, அதிகாரிகளைக் கூப்பிட்டு உக்கார வெச்சு கேள்வி கேக்கலாம், படிச்சுட்டு வர்ற எம்.பி.க்கு அங்க மரியாதையே தனி. அமைச்சரா இல்லாத எம்.பி.யும் தானே ஒரு மசோதா கொண்டு வரலாம், தனிநபர் மசோதான்னு பேரு. மாநிலங்களவையில திருச்சி சிவா கொண்டு வந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24ல நிறைவேறிச்சு, ஒரு தனிநபர் மசோதா ஒரு அவையில நிறைவேறினது 45 வருஷத்துக்கப்புறம் அதுதான் முதல் தடவை. கொறடா சொல்லி நடந்தது இல்ல அது, ஒரு உறுப்பினரோட முனைப்பு. தொகுதி மேம்பாட்டு நிதின்னு வருஷத்துக்கு 5 கோடி வேற இருக்கு, அதை எந்த ஊர் பள்ளிக்கூடத்துக்கு, எந்த ஊர் சமுதாயக் கூடத்துக்குன்னு பரிந்துரைக்கறது அவர்தான்.

இந்த 17வது மக்களவையோட நிலைமையை நினைச்சாதான் எனக்கு மனசு கனக்குது. அஞ்சு வருஷத்துல 274 நாள்தான் கூடிச்சு, முழுக்காலம் இருந்த மக்களவைகள்லயே இதுதான் குறைவு. துணை சபாநாயகர் கடைசி வரைக்கும் தேர்ந்தெடுக்கவே இல்ல. 2023 டிசம்பர்ல ரெண்டு சபையிலயும் சேத்து 146 பேரை சஸ்பெண்ட் பண்ணிட்டு, எதிர்க்கட்சி பெஞ்சு பெரும்பாலும் காலியா கிடந்த நேரத்துல மூணு குற்றவியல் சட்ட மசோதாவையும் நிறைவேத்தினாங்க. எந்தக் கட்சிக்காரங்களா இருந்தாலும் இதைப் பாத்து சும்மா இருக்கக் கூடாது. யார் வந்தாலும் ஒண்ணுதான்னு நாம விட்டுட்டா, சபை கூடாததைப் பத்தி கேக்கவே ஆள் இருக்காது ஐயா.

தலைவர்கள் ஏன் இப்படி ஆனாங்க? முன்ன எல்லாம் ஜெயிலுக்குப் போனவங்க, போராட்டத்துல அடிபட்டவங்க வந்தாங்க. இப்போ வர்றவங்களைப் பாத்தா கம்பெனி நடத்தறவங்க மாதிரி இருக்காங்க.
(ஆட்டோ ஓட்டுநர், திருப்பூர்)

கட்சிக்குள்ள தேர்தல் நடக்கறதே இல்லண்ணே, அதுதான் வேர். பேருக்கு நடக்கும், போட்டியின்றி தேர்வுன்னு மறுநாள் பேப்பர்ல வரும். கிளைச் செயலாளரா இருபது வருஷம் போஸ்டர் ஒட்டினவர் எம்.பி. சீட்டு வரைக்கும் போறதுக்கு வழியே அடைஞ்சு போச்சு. விருப்ப மனு வாங்கவே பல ஆயிரம் கட்டணும், நேர்காணல்ல எவ்ளோ செலவு பண்ண முடியும்ங்கறது பெரிய கேள்வியா இருக்குன்னு எல்லாக் கட்சித் தொண்டர்களும் புலம்பறாங்க. நம்ம மாநிலத்துல மக்களவை வேட்பாளர் சட்டப்படி 95 லட்சம் வரைக்கும் செலவு பண்ணலாம், கட்சி பண்ற செலவுக்கோ உச்ச வரம்பே இல்ல. அப்போ யார் வருவாங்க? பணம் இருக்கறவங்க, இல்ல பெரிய குடும்பத்துல பொறந்தவங்க. மாவட்டம் மாவட்டமா சண்டை போட்டு, தோத்து, கத்துக்கிட்டு மேல வர்ற ஆளுக்குத்தான் பேச்சுல ஒரு சூடு இருக்கும், அந்த ஏணியை எடுத்துட்டா மேல இருக்கறவங்க பேச்சு எழுதிக் கொடுத்ததாதான் இருக்கும்.

பணம் எங்கேந்து வந்துச்சுன்னும் இப்பதான் கொஞ்சம் தெரிய வந்திருக்கு. யார் கொடுத்தாங்கன்னு வெளிய தெரியாம கட்சிக்குப் பணம் கொடுக்க வழி செஞ்ச தேர்தல் பத்திரம் செல்லாதுன்னு 2024 பிப்ரவரி 15ல உச்ச நீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்னாங்க, மார்ச்ல விவரம் வெளிய வந்துச்சு. பாஜக 6,000 கோடிக்கு மேல, திரிணாமுல், காங்கிரஸ் எல்லாம் ஆயிரம் கோடிக்கு மேல, நம்ம திமுக 600 கோடிக்கு மேல, அதுல 509 கோடி ஒரே லாட்டரி கம்பெனி கொடுத்தது. நாங்க பத்திரம் வாங்கலன்னு சொல்ல முடிஞ்சது இடதுசாரிக் கட்சிகள் மாதிரி சிலராலதான். நீங்க ஒரு நாள் சவாரியில கட்சி உண்டியல்ல போடற பத்து ரூபாய்க்கு இந்தக் கணக்குல எந்த மதிப்பும் இல்லாம போச்சுண்ணே, அதனாலதான் உங்க பேச்சைக் கேக்க வேண்டிய அவசியமும் அவங்களுக்கு இல்லாம போச்சு. ஓட்டு கேட்டு வர்றப்போ உங்க கட்சிக்கு யார் பணம் கொடுத்தாங்கன்னு தைரியமா கேளுங்க.

நான் நோட்டாதான். முடிவு பண்ணிட்டேன். சரிதானே?
(ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

அது உங்க உரிமை தம்பி. 2013 செப்டம்பர் 27ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பால வந்த பட்டன் அது. அதுக்கு முன்னாடி யாருக்கும் ஓட்டு போட விருப்பமில்லன்னு பதியற 49-ஓ போடணும்னா பூத்ல இருக்கற அதிகாரி கிட்ட வாய்விட்டுச் சொல்லி, ரெஜிஸ்டர்ல எழுத வெச்சு கையெழுத்து போடணும், சுத்தி எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் பாத்துக்கிட்டு இருப்பாங்க, ரகசியமே கிடையாது. அந்த நிலைமையிலேந்து இது பெரிய முன்னேற்றம்.

ஆனா அதால என்ன நடக்கும், என்ன நடக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டு போடுங்க. நோட்டா எல்லாரையும் விட அதிகம் வாங்கினாலும் அடுத்து இருக்கற வேட்பாளர்தான் ஜெயிச்சதா அறிவிப்பாங்க, மறுதேர்தல் கிடையாது. டெபாசிட் கணக்குக்கும் அதைச் சேக்க மாட்டாங்க. 2014ல நாட்டுலயே அதிகமா நோட்டா விழுந்தது நம்ம நீலகிரியிலதான், 46,559 ஓட்டு. அங்க பாஜக வேட்பாளரோட மனு தள்ளுபடி ஆகியிருந்துச்சு, அதுவும் ஒரு காரணம். அவ்ளோ ஓட்டு விழுந்தும் எந்தக் கட்சியும் வேட்பாளர் தேர்வை மாத்திக்கிட்டதா எனக்குத் தெரியல. 2019ல சிதம்பரத்துல ஜெயிச்ச வித்தியாசம் 3,219 ஓட்டு, 2021 சட்டமன்றத் தேர்தல்ல தியாகராய நகர்ல வெறும் 137. ரெண்டு பேர்ல யார் வந்தாலும் உங்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் இல்லையான்னு பிரமாணப் பத்திரத்தைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க, படிச்சதுக்கப்புறமும் நோட்டான்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். படிக்காம போடற நோட்டாவைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

பணம் வாங்கிட்டு நமக்குப் பிடிச்சவங்களுக்குப் போட்டா தப்பா?
(பேர் வேண்டாம், வேலூர்)

தப்புதான். கொடுக்கறதும் குற்றம், வாங்கறதும் குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. உங்க ஊருக்கு நான் சொல்லணுமா? 2019ல கட்டுக்கட்டா பணம் பிடிபட்டு ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு நாள் முன்னாடி தேர்தலையே ரத்து பண்ணினாங்க, ஆகஸ்ட் 5ல ஓட்டுப்பதிவு நடந்து 9ம் தேதி முடிவு வர்ற வரைக்கும் உங்க தொகுதிக்கு எம்.பி.யே இல்ல.

எங்க ஊருக்கு ரோடு போடற வரைக்கும் யாரும் ஓட்டு கேட்டு வரக்கூடாதுன்னு பேனர் கட்டியிருக்கோமுங்க. டவுன்ல இருக்கற சொந்தக்காரங்க ஓட்டை வீணாக்காதீங்கன்னு திட்டறாங்க. நாங்க செய்யறது தப்புங்களா?
(விவசாயி, ஈரோடு மாவட்டம்)

தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க. பிடிச்ச தலைவர் இல்லன்னு வீட்டுல படுத்துக்கறதும், ஊரே கூடி ஒரு கோரிக்கை வெச்சு நிக்கறதும் வேற வேற. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து 2022லேந்து போராடற ஏகனாபுரம் மக்கள் புறக்கணிப்பு அறிவிச்சிருக்காங்க. புதுக்கோட்டை வேங்கைவயல்ல 2022 டிசம்பர்ல குடிதண்ணித் தொட்டியில மலத்தைக் கலந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆகியும் ஒருத்தரைக் கூட கைது பண்ணல, அவங்களும் ஓட்டு கேட்டு வராதீங்கன்னு சொல்லிட்டாங்க. அவங்க கிட்ட போய் ஜனநாயகக் கடமைன்னு பாடம் நடத்த யாருக்கும் யோக்கியதை இல்ல.

உங்க மாவட்டத்துலயே ஒரு வரலாறு இருக்குங்க. 1996 சட்டமன்றத் தேர்தல்ல மொடக்குறிச்சியில விவசாயிங்க கொத்துக் கொத்தா மனு போட்டு 1,033 பேர் களத்துல நின்னாங்க, ஓட்டுச் சீட்டைப் புத்தகமா அடிக்க வேண்டி வந்துச்சு, தேர்தலையே தள்ளி வெச்சாங்க. அதே வருஷம் அப்போ ஆந்திராவுல இருந்த நல்கொண்டாவுல ஃப்ளோரைடு தண்ணியால எலும்பு வளைஞ்சு போன ஜனங்களோட பிரச்சனைக்காக 480 பேர் நின்னாங்க, நாடே திரும்பிப் பாத்துச்சு. அதுக்கப்புறம் 500 ரூபாயா இருந்த மக்களவை டெபாசிட்டை 10,000 ஆக்கிட்டாங்க, இப்போ 25,000, அந்த வழி ஏழைங்களுக்கு அடைபட்டுப் போச்சு.

நடைமுறையா ஒண்ணு சொல்றேன். தாசில்தாரோ ஆர்டிஓவோ கண்டிப்பா பேச்சுவார்த்தைக்கு வருவாங்க. வாய்வார்த்தையை நம்பி பேனரை அவுக்காதீங்க, ரோட்டுக்கு எந்தத் திட்டத்துல பணம், எப்போ டெண்டர்னு எழுத்துல வாங்குங்க, கிராம சபையில அதைத் தீர்மானமா போட்டு வைங்க. எழுத்துல கொடுத்தாங்கன்னா அன்னைக்கு எல்லாரும் போய் ஓட்டு போட்டுட்டு வாங்க, ஓட்டே போடாத ஊரை அடுத்த தடவை கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்கங்கற பயம் எனக்கு இருக்கு.

பெங்களூர்ல வேலை, ஓட்டு தேனியில. போக வர செலவு, ஒரு நாள் லீவு. இந்தத் தலைவர்களுக்காக இவ்ளோ தூரம் வரணுமா?
(வாசகர், பெங்களூரு)

சம்பளத்தோட லீவு கொடுக்கணும்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 135பி பிரிவு இருக்கு, கர்நாடகாவுல ஓட்டுப்பதிவு வேற தேதியா இருந்தாலும் உங்க தொகுதியில 19ம் தேதிங்கறதால கேட்டு வாங்கலாம். பஸ் செலவுக்கு நான் வழி சொல்ல முடியாது. தலைவர்களுக்காக வராதீங்க, ஊர்ல அம்மா அப்பா எந்த ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, எந்த ரயில்ல வர்றாங்கங்கறதுக்காக வாங்க.

எனக்கு 74 வயசு. 1971லேந்து ஒரு தேர்தல் விடாம ஓட்டு போட்டிருக்கேன். இந்தத் தடவை கால் நகர மாட்டேங்குது, வயசால இல்ல, மனசால. எல்லார் கிட்டயும் ஏமாந்தாச்சு. உங்களால எனக்கு ஒரு காரணம் சொல்ல முடியுமா?
(பெரியவர், மயிலாப்பூர்)

ஐயா, உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். எமர்ஜென்சிக்கு அப்புறம் 1977ல வரிசையில நின்ன தலைமுறை நீங்க, உங்களுக்குக் கடமை, உரிமைன்னு நான் சொல்றது மரியாதையா இருக்காது. ஏமாந்தேன்னு சொல்றதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு, போகலன்னாலும் உங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு உதவி கேக்கறேன். சென்னையோட மூணு தொகுதியிலயும் ஓட்டு சதவீதம் எப்பவும் மாநிலத்தோட சராசரியை விடக் கீழ, அதனால வேட்பாளருங்க உங்க தெருவுக்கு வந்தா கும்பிட்டுட்டு அடுத்த தெருவுக்கு ஓடிடறாங்க, யாரும் நிறுத்திக் கேள்வி கேக்கறது இல்ல. ஐம்பது வருஷத்துக்கு மேல ஓட்டு போட்டவர் கேட்டா நின்னுதான் ஆகணும். 19ம் தேதிக்குள்ள எந்தக் கட்சிக்காரங்க வந்தாலும் வாசல்ல நிறுத்தி இந்த ரெண்டை மட்டும் கேளுங்க: டெல்லிக்குப் போனா எந்த நிலைக்குழுவுல உக்காரணும்னு கேப்பீங்க, கட்சி ஒரு மசோதாவுக்குக் கை தூக்கச் சொல்லி உங்களுக்கு அது தப்புன்னு பட்டா உள்ள யார் கிட்ட போய் சொல்லுவீங்க. யாராவது நேரா பதில் சொன்னா அவங்களுக்காக 19ம் தேதி போறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, எல்லாக் கட்சி பதிலையும் அப்படியே அடுத்த இதழ்ல போடறேன்.